வாசற்படியில் இரண்டு வட்டம்

என் இளைய மகளின் வீட்டு வாசற்படியில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. பழைய இரண்டு ரூபாய்க் குற்றி அளவு. நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் கடற்பக்கமிருந்து வெயில் சாய்ந்து உள்ளே வரும் பத்து நிமிடம் மட்டும், மினுங்குகிற வெள்ளைக் கல்லில் மினுங்காத இரண்டு பொட்டுகளாக எழுந்து நிற்கும். விரலால் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். சுற்றிவர வழுவழுப்பு, அந்த இடத்தில் மட்டும் பூனை நாக்குப் போல ஒரு சொரசொரப்பு.

அந்த வட்டங்களை உண்டாக்கியது நாங்கள்தான். தீங்கு வரக்கூடாது என்று செய்த வேலை.

தை பிறந்து இரண்டாம் கிழமை குடிபூரல். ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரை நாலு மூலைக்கும் தெளித்தார். வெளியே நீத்துப்பூசணிக்காய் உடைந்தது. பசுவையும் கன்றையும் உள்ளே கொண்டுவந்தபோது ஒரு சின்னக் களேபரம்: மினுக்கிய கல்லில் குளம்பு வழுக்கிப் பசு முன்னங்காலை மடக்கிவிட்டது. நாலு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு அக்கா ஒரு தேசிக்காயைக் குறுக்கே வெட்டி, குங்குமம் தடவி, வாசற்படியின் இரண்டு ஓரத்திலும் கவிழ்த்து வைத்தாள். கண்ணூறு கழிய. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே. இரவு முழுக்க அப்படியே இருந்தன. விடிந்து எடுத்தபோது வட்டங்கள் விழுந்திருந்தன.

முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். தேசிக்காய்ச் சாற்றில் இருப்பது சித்திரிக்கமிலம். மாபிள் என்பது கல்சியங் காபனேற்று. இரண்டும் சந்தித்தால் கல் கரையும், காபனீரொட்சைட்டு குமிழாகக் கிளம்பும். எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அக்காவின் கையில் தேசிக்காயைக் கண்டும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. அது பூசைச் சாமான், ஆய்வுகூடச் சாமான் அல்ல என்று மனம் வேறு வேறு தட்டில் வைத்திருந்தது போலும்.

வீடு கட்டியது எங்கள் முறைப்படி. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. தாய்வழிக் குடி எங்களுக்கு. சீதனம் என்றால் முதலில் வீடு வளவு, பிறகுதான் நகைநட்டு. மூத்தவள் கலியாணம் முடித்தபோது நாங்கள் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிவிட்டுப் பின்வளவில் இருந்த அறைக்குப் போனோம். இளையவளுக்குக் கல்லடி உப்போடையில் காணி. ஊரின் பெயரிலேயே கல்லும் உப்பும் இருக்கின்றன. தரை போடுகிறவர் கவனிக்க வேண்டியவையும் அவை இரண்டும்தான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அந்த ஈரம் நிலத்திலிருந்து ஏறிக் கல்லுக்குள் நுழைந்து மேலே வந்து காயும்போது, தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். நின்ற உப்பு பளிங்காக வளரும். வளர வளரக் கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே பிளக்கும். உப்புப் பூத்துப் பொருக்கு எழும்பிய தரைகளை இந்தக் கரையில் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆகவே கொங்கிறீட்டுக்குக் கீழே தடித்த பொலித்தீனை நானே பக்கத்தில் நின்று விரிப்பித்தேன். கடல்மணல் ஒரு கூடைகூட வளவுக்குள் வர விடவில்லை. வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாம்பல்நிறச் சீமெந்து வைத்தால் நிறம் ஊறி மேலே தெரியும் என்பதால் வெள்ளைச் சீமெந்து. இவ்வளவும் பார்த்தவள்தான் தேசிக்காயில் விழுந்தேன்.

கல்லைத் தெரிந்ததில் எனக்கும் மகளுக்கும் சண்டை. எங்கள் ஊரில் மாபிள் என்றால் பீங்கான் தகடு. "மாபிள் பதிச்ச வீடு" என்று சொல்கிற வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறில் உண்மையான மாபிள் ஒரு துண்டும் இராது. அதனால் மகள் சொன்னவுடன் மேசன் கேட்டார்: "எந்த மாபிள் ரீச்சர்? டைல்ஸ் மாபிளா, கல்லு மாபிளா?" கல்லு மாபிள் என்று அவள் சொன்னாள். நான் கருங்கல்லைச் சொன்னேன். கடையிலிருந்து மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து முற்றத்தில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துளி தண்ணீர்: கல் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது, குடித்த இடம் எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்க. பிறகு ஒரு துளி வினாகிரி. கருங்கல் பேசாமல் இருந்தது. மாபிள் நுரைத்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு, பாசிக்குடாக் கடலுக்குள் கிடக்கும் முருகைக்கல், வாவிக்கரை மட்டி ஓடு, இந்த மாபிள் எல்லாம் ஒரே குடும்பம் என்று விளக்கத் தொடங்கினேன்.

"அம்மா, இது வகுப்பில்ல. என்ட வீடு."

அதோடு பேச்சு முடிந்தது. சீதன வீட்டில் தாயின் அதிகாரம் சாவி கொடுக்கும்வரைதான்.

பிறகு யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வினாகிரிப் போத்தலும் இல்லாமல் இந்தத் தெரிவைச் செய்தவர்கள் எத்தனை பேர்! கோயிற் சிற்பிகள் கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். மயமதம் போன்ற சிற்ப நூல்கள் கல்லை ஓசையால் மூன்றாகப் பிரிக்கின்றன. மணி போல் நின்று ஒலித்தால் ஆண் கல், அது இலிங்கத்துக்கு. மெலிதாக ஒலித்தால் பெண் கல், அது ஆவுடையாருக்கு. ஓசை எழும்பாதது இரண்டுமற்ற கல், அது அடியில் பதிக்க. எங்கள் மேசனும் கல் பதித்து மறுநாள் சுத்தியல் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு தவழ்ந்தார். "டொக்" என்று வெறுமை கேட்ட இடத்தைக் கிளப்பித் திரும்பப் பதித்தார். நிலத்தில் கிடக்கும் கல்லுக்கும் காது கொடுக்கத்தான் வேண்டும்.

கருவறைக் கல் கருங்கல்லாக இருப்பதன் நியாயம் எனக்கு ஒரு அபிஷேகத்தின்போதுதான் விளங்கியது. பால், தயிர், தேன், தேசிக்காய்ச் சாறு, இளநீர், சந்தனம். அமிலமும் கொழுப்பும் சாயமும் முறைவைத்து இறங்குகின்றன. மாபிளில் செய்த இலிங்கமானால் சில தலைமுறையில் மேனி தேய்ந்து உருவம் மழுங்கிவிடும். கருங்கல் சிலிக்கேற்றுக் கல், தேசிக்காய்க்கு அசையாது. எங்கள் நிலத்தடியில் கிடப்பது விஜயன் தொகுதி என்று புவியியலாளர் சொல்லும் பாறை, சுமார் 100 கோடி ஆண்டுப் பழசு. அதற்கு இந்தப் பாலும் தயிரும் ஒரு பொருட்டா? கருவறைக்குக் கல் தெரிந்தவனும் குசினிக்குக் கல் தெரிகிறவளும் கேட்பது ஒரே கேள்விதான்: இதன்மேல் என்ன ஊற்றப் போகிறோம்?

ஊற்றுவதை நிறுத்தவும் கூடாது. எங்களுக்குக் கல்லும் உயிருள்ளது. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குச் சின்ன வயதில் வாவியைக் கடந்து போவோம். கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடன் இரத்தம் பெருகக் கண்டதும், அங்கே இலிங்கம் தானாய்த் தோன்றியிருந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்னொன்று பறங்கியர் காலத்துக் கதை. கோயிலை இடிக்க வந்த தளபதி, "உங்கள் கல்மாடு புல்லுத் தின்னுமா?" என்று கேட்டானாம். நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். சாணம் போட்டது என்ற இடத்தில்தான் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். புல் தின்றதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் அற்புதம். சாணம் என்றவுடன் நம்பவேண்டிவருகிறது. குடிபூரலன்று பசு வழுக்கியபோது அக்கா சொன்னாள்: "அங்க கல்லுமாடு எழும்பி நடந்தது. இஞ்ச உயிர்மாடு கல்லில விழுந்துட்டு."

ஒரே கல்லை உடைத்து ஒரு துண்டை வாசலில் போட்டு மிதிக்கிறீர்கள், மற்றத் துண்டைப் பூசையில் வைக்கிறீர்கள், இதில் எது ஈசனுக்குப் பிடித்தது என்று சிவவாக்கியர் கேட்டதைப் படித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். படிக்கிற வயதில் அது எனக்குப் பெரிய வெடிகுண்டாகத் தெரிந்தது. இப்போது அந்தக் கேள்வியில் ஒரு சின்னக் குறை காண்கிறேன். சித்தர் வாசற்கல்லைக் கழுவியதில்லை. கழுவுகிறவளுக்கு இரண்டு கல்லும் அவ்வளவு தூரம் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு முன்னே எங்கள் கோயில்களில் எண்ணெய்க்காப்பு நடக்கும். வரிசையில் நின்று ஆணும் பெண்ணும் குழந்தையுமாக எல்லாரும் புது மூர்த்தத்தைக் கையால் தொட்டு எண்ணெய் பூசலாம். அடுத்த நாள் குடமுழுக்கு முடிந்ததும் ஐயரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. எனக்கு ஆறு வயதில் அம்மா என் கையைப் பிடித்து ஒரு பிள்ளையாரின் முழங்காலில் வைத்து அழுத்தினா. குளிர்ந்த, எண்ணெய் வழிகிற முழங்கால். "நல்லாப் பூசு. இனிப் பன்னிரண்டு வரியத்துக்குத் தொட ஏலா." கொம்பரக்கும் குங்கிலியமும் தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் இன்ன பிறவும் சேர்த்து இடிக்கும் அட்டபந்தன மருந்து கல்லைப் பீடத்தோடு பிடித்து வைக்கும் காலக் கணக்கு அது. அதற்குப் பிறகு பசை தளரும், திரும்ப எல்லாம் முதலிலிருந்து.

மேசன் காத்தான்குடிக்காரர். மதியம் சோற்றுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவரும் ஒரு கல்லைப் பற்றிச் சொன்னார். அவருடைய உம்மா உம்ரா போய்வந்தவர். கஃபாவைச் சுற்றிவரும் தளத்தில் பதித்திருப்பது கிரேக்கத்தின் தாசோஸ் தீவு வெள்ளை மாபிள், வெயிலைத் திருப்பி எறிவதால் உச்சிப் பொழுதிலும் கால் சுடாது. அங்கே ஹஜறுல் அஸ்வத் என்ற கறுத்தக் கல்லும் இருக்கிறது.

"அந்தக் கல்லு சொர்க்கத்தில இருந்து இறங்கக்குள்ள பாலை விட வெள்ளையாம் ரீச்சர். மனிசர்ர பாவந்தான் கறுப்பாக்கினதாம்."

திர்மிதி தொகுப்பில் வரும் ஹதீஸ் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே கல்லை முத்தமிட்டுவிட்டு, நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று எனக்குத் தெரியும், நபி முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்று இரண்டாம் கலீபா உமர் சொன்னதாகவும் இருக்கிறது. சிவவாக்கியர் இந்த மனிதரோடு ஒரு மாலை பேசியிருக்கலாம்.

சாப்பிட்டு முடித்த மேசன் கையைக் கழுவ வெளியே போனார். பழப்புளிக் குழம்பு பட்ட கையால் கல்லைத் தொட மாட்டார். அவருக்குத் தெரியும்.

இனி அந்த வட்டங்களுக்கு வருகிறேன். குடிபூரல் அன்று மாபிளில் இரண்டு விதமான அடையாளம் விழுந்தது. ஒன்று மஞ்சள். ஐயர் தெளித்த மஞ்சள் தண்ணீர் விறாந்தையெங்கும் பொட்டுப் பொட்டாய் ஊறிக் கிடந்தது. மகள் அழாத குறை. ஆனால் மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்துக்குத் தாங்காது. ஐதரசன் பேரொட்சைட்டில் குழைத்த மாவை அப்பி, பொலித்தீனால் மூடி, ஒரு நாள் விட்டு எடுத்தோம். மிச்சத்தை வெயில் எடுத்தது. பங்குனியில் மஞ்சளின் சுவடும் இல்லை. மற்றது தேசிக்காய். அதை அப்பி எடுக்க முடியாது. அங்கே ஒட்டியிருப்பது ஒன்றும் இல்லை, இருந்த கல் போயிருக்கிறது. அதற்கு முன்பு கல்லுக்குப் பூசிய காப்புத் திரவமும் காப்பாற்றவில்லை. அது எண்ணெயும் சாயமும் துளைக்குள் இறங்குவதை மெதுவாக்கும், அமிலம் மேற்பரப்பைத் தின்பதைத் தடுக்காது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

ஊறிய கறைக்கும் தின்ற தழும்புக்கும் உள்ள இந்த வித்தியாசம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சமயம் கறையைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறது. துடக்கு முப்பத்தொரு நாள், பிறகு வீடு கழுவி அந்தியேட்டி. தீர்த்தமாடினால் பாவம் போகும். மாமாங்கக் குளத்தில் ஆடி அமாவாசைக்கு எத்தனை ஆயிரம் தலை முழுகும்! சைவ சித்தாந்தமும் மலம் என்றுதான் சொல்கிறது, அழுக்கு என்று. ஆணவம் உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கிறது, செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிறது, பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைப் பளிங்கு காட்டுவது போல. இந்த உவமைகளில் எல்லாம், அழுக்கு நீங்கினால் கீழே முழுசாக ஒன்று இருக்கும். செம்பு இருக்கும், அரிசி இருக்கும், பளிங்கு இருக்கும். எதுவும் குறைந்திராது. வாசற்படியின் வட்டத்துக்கு இதில் எந்த உவமை? அதில் கழுவுவதற்கு ஒன்றும் இல்லையே.

என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற சைவநெறி ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். "சித்தாந்தத்தில தேசிக்காய் புளியாதேங்க ரீச்சர்" என்று சிரித்துவிட்டு, நான் சொல்வது மலம் அல்ல, துன்பம். அது கன்மத்தின் கணக்கில் வரும் என்றார். சரியான பதில். எனக்குப் போதவில்லை.

ஏனென்றால் நான் கேட்டது கல்லை மட்டும் பற்றியல்ல. 2004 மார்கழி 26 ஞாயிறு, பூரணை, சுனாமி வந்த நாள். நான் புளியந்தீவுச் சந்தையில் நின்றேன். அம்மா நாவலடியில், தன்னுடைய வீட்டில். அந்த ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு நீட்டு மணல். தப்பிய சனத்தைப் பிறகு திராய்மடுவில் குடியேற்றினார்கள். அம்மாவுக்கு அந்தியேட்டி செய்தோம், வீடு கழுவினோம். "கழுவியாச்சு, இனி அழக்கூடாது" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அன்புக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் எங்கும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று தெரிய இருபது வருடத்துக்குக் கிட்டவும் இரண்டு அரைத் தேசிக்காயும் வேண்டியிருந்தன.

கழுவாமல் விட்டவர்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்றைய அலையில் சரிந்தது, சரிந்தபடியே நிற்கிறது. மேசனின் ஊரில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசல் சுவரில் 1990 ஆகஸ்ட் 3 இரவின் துளைகளைப் பூசாமல் வைத்திருக்கிறார்கள். அன்று அங்கேயும் ஹுசைனியாப் பள்ளியிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டவர்கள் எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் செத்தது எங்கள் சனம், குழந்தைகளும் சேர. எங்கள் வீட்டுத் தரையில் முழங்காலில் தவழ்ந்து வேலை செய்த மனிதரிடம் நான் இதில் எதையும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். சீனி கூட என்றார்.

ஆனியில் ஒரு வியாழன் பின்னேரம் என் நியாயம் முழுவதும் ஆட்டம் கண்டது. வெள்ளிக்கிழமைக்காக விளக்கும் செம்பும் மினுக்க உட்கார்ந்தேன். மகள் என்னை வீட்டுக்குள் விடவில்லை. பழப்புளி ஒரு சொட்டும் தன் மாபிளில் படக்கூடாதாம், முற்றத்துக்குப் போ என்றாள். நியாயந்தான். செம்புக்கு மருந்து மாபிளுக்கு நஞ்சு. முற்றத்தில் குந்தியிருந்து அம்மம்மாவின் செம்பைத் தேய்த்தேன். பச்சைக் களிம்பு புளியில் கரைந்து வடிந்தது. கையில் வழிந்த அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சுரீரென்றது. களிம்பு வெளியிலிருந்து வந்த அழுக்கா? அது செப்புக் காபனேற்று. காற்றும் ஈரமும் கூடி, செம்பே மாறியதுதான் களிம்பு. நான் கழுவி ஊற்றிக்கொண்டிருப்பது செம்பை. ஒவ்வொரு வியாழனும் ஒரு மயிரிழை செம்பு. அம்மம்மா, அம்மா, நான் என்று மூன்று தலைமுறை புளி தின்ற அந்தப் பாத்திரத்தின் விளிம்பு கடுதாசி போல மெலிந்திருக்கிறது. விரலை வெட்டும்.

முப்பத்தொரு வருடம் இந்தச் சமன்பாட்டைப் படிப்பித்தும் உவமைக்குள் அது இருப்பதை நான் காணவில்லை. பழையவர்கள் சொன்ன உவமையிலேயே இழப்பு இருந்திருக்கிறது. ஆனால் அது என்னைச் சமாதானப்படுத்தவில்லை, கேள்வியைப் பெரிதாக்கியது. மினுக்கும்போதெல்லாம் செம்பு மெலிகிறது என்றால், மலம் நீங்கும் உயிரும் மெலியுமா? அருள் வந்து துடைத்துவிட்டுப் போன பிறகு, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நாம் இருப்போமா? இல்லை என்று சைவநெறி ஆசிரியர் அடித்துச் சொல்வார். உயிர் நித்தியம், அதற்குக் கூடுதல் குறைவு இல்லை. அம்மம்மாவின் செம்பு வேறு பதில் வைத்திருக்கிறது. நான் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மேசனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தார். "வட்டத்தை மட்டும் தேய்ச்சாக் குழி விழும் ரீச்சர். முழுப் படியையும் அதுட ஆழத்துக்கு இறக்கணும். வைரத் தகடு போட்டு ஒரு நாள் வேலை." அதாவது காயம் இல்லாத இடத்தையும் காயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மகள் விலை கேட்டாள், யோசித்தாள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பினாள். இப்போதைக்கு ஒரு சணல் மிதியடி கிடக்கிறது. காலை வெயில் வரும்போது நான் அதைக் காலால் ஒதுக்குவேன். அவள் திரும்ப இழுத்துப் போடுவாள்.

மற்றபடி அவள் தரையை நன்றாகத்தான் பார்க்கிறாள். அமிலமும் காரமும் இல்லாத ஒரு திரவ சோப், ஒரு மூடி அளவு, வாளித் தண்ணீரில். நனைத்துப் பிழிந்த துணி, பின்னால் உடனே காய்ந்த துணி. சிந்தினால் ஒற்ற வேண்டும், துடைத்துப் பரத்தக்கூடாது. கழிவறைக்கு ஊற்றும் அசிட் போத்தல் வீட்டுக்குள்ளேயே கிடையாது. எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி மணல். இந்தக் கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். வன்மை அளவுகோலில் 7. மாபிள் வெறும் 3. செருப்பில் வரும் நாலு மணி மணல் போதும், நடக்கிற ஒவ்வொரு அடியும் உரைகல். அதனால் வாசலில் ஒரு வாளியும் கோப்பையும் வைத்து, வருகிற எல்லாரையும் கால் கழுவிவிட்டு வரச் சொல்கிறாள். நாவலடியில் அம்மம்மாவும் வாசலில் குடம் வைத்திருந்தா. தீட்டுக்கு என்று நினைத்திருந்தோம். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். அம்மம்மாவின் தரையும் அவ்வளவு மினுக்கம்.

அது கல் அல்ல. அப்பா 1968இல் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை. வெள்ளிக்கு வெள்ளி தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும். 1978 கார்த்திகைச் சூறாவளி கூரையைக் கொண்டுபோனது, தரை இருந்தது. 2004இல் சுவரும் போனது, தரை இருந்தது. அலை வற்றி நாலாம் நாள் நான் அங்கே போனபோது ஊர் முழுக்க ஒரே மணலும் வேரோடு பிடுங்கிய தென்னையும். எது யாருடைய வளவு என்று தெரியவில்லை. காலால் மணலைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் சிவப்புத் தெரிந்தது. அப்படித்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

ஒவ்வொரு மார்கழியும் 26ஆம் திகதி ஈர்க்குமாற்றோடு போய் மணலைக் கூட்டுவேன். ஒரு வருடத்தில் ஒரு சாண் மூடியிருக்கும். கூட்டிச் சிவப்பு தெரிந்ததும் அதன்மேல் விளக்கு வைப்போம். சென்ற முறை மகளும் வந்தாள், முதல் தரமாக. நான் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் பையைத் திறந்து, மாபிளுக்கென்று கொழும்பிலிருந்து எடுப்பித்து ஒரு மூடி, ஒரு மூடியாக அளந்து பாவிக்கும் அந்த சோப் போத்தலை எடுத்தாள். ஒரு வாளி தண்ணீருக்குள் ஊற்றினாள். பிள்ளை, அது சீமெந்து, அதுக்கு இது தேவையில்லை, சவுக்காரமே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முழங்காலில் இருந்து, தன் அம்மம்மா படுக்கும் மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பிவரும்போது பார்த்தேன், போத்தலில் பாதி முடிந்திருந்தது.